பங்கு போகாத வீடு

குருசெய்ரு நகரம்
12 பிப்ரவரி 1994

அண்ணிக்கு,

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகுக்காரர் திபூர்சியு வந்து சொன்ன செய்தி மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணனுக்குப் பனேமா பிடித்துவிட்டதாமே. நான் நவம்பரில் ஊரைவிட்டு வந்ததிலிருந்து அவர் துப்பாக்கிக்கு ஒரு விலங்கும் விழவில்லை என்றார். புரிட்டி ஓடையின் மற்ற நான்கு வீடும் அதற்கு என்னைத்தான் கை காட்டுகிறதாம். வேட்டைக்காரன் அனுப்பிய இறைச்சியை அவமதித்தால் அவன் கைராசி போய்ப் பனேமா பிடிக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் அங்கே பிறந்தவள்தான். சட்டியோடு ஓடையில் கொட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைக் கொட்டினேன் என்று ஊரார் பேசுகிறார்களா?

நேகாவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததே அண்ணன்தான். அதன் தாயைச் சுட்டுவிட்டு, கையகலக் காட்டுப்பன்றிக் குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. "தனியா கெடக்குற, இது ஒரு தொணைக்கு இருக்கட்டும்" என்றார். தாயின் இறைச்சியில் எனக்கும் பங்கு வந்தது. உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றேன், குட்டி என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடம் நாய்க்குட்டி மாதிரி என் பின்னாலேயே அலைந்தாள். கையில் ஊட்டி வளர்த்த காட்டு விலங்கை நம் பக்கத்தில் யாரும் தின்பதில்லை. அதற்கென்று கழுத்தில் சிவப்புத் துணியும் கட்டியிருந்தேன், அது எங்கோ கழன்றுவிட்டது.

அன்று பன்றிக் கூட்டம் போனது, அதோடு அவளும் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் உங்கள் வீட்டிலிருந்து பங்கு வந்தது. இரண்டு நாள் வைத்துத் தின்றேன். தின்றுகொண்டே அவளைத் தேடினேன். மூன்றாம் நாள் உங்கள் வீட்டுச் சுவரில் தோல் காய்ந்துகொண்டிருந்தது. பின்தொடையில் வெள்ளைத் தழும்பு. குட்டியாக இருக்கும்போது என் மாவு வறுக்கும் சட்டியில் இடித்துச் சுட்டுக்கொண்ட தழும்பு அது.

உரிக்கும்போது பார்க்கவில்லையா என்று உங்களைக் கேட்டேன். "மழ இருட்டுல உரிச்சேன், எதன்னு பாக்குறது" என்றீர்கள். பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள். திரும்பி வந்து, மிச்சம் இருந்ததைச் சட்டியோடு ஓடையில் கொட்டினேன்.

அண்ணனுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒசேலியா

•

புரிட்டி ஓடை
6 மார்ச் 1994

ஒசேலியா,

கோபம் போகவில்லை என்று எழுத உனக்கு நேரம் இருக்கிறது. கோபப்படக்கூட எனக்கு இங்கே நேரம் இல்லை.

உங்கண்ணனுக்கு மிளகாய்ப் புகை போட்டோம். கசப்புக் கொடித் தண்ணீரில் குளிப்பாட்டினோம், நாயையும் சேர்த்துத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மான் தப்பி ஓடியது என்று வந்து சொல்கிறார். உங்கண்ணன் ஜுராந்தீரின் குறி தப்புமா என்று ஆற்றுக்கு மேலேயும் கீழேயும் பந்தயம் கட்டிய காலம் உனக்கு நினைவிருக்கும். இப்போது மாலையானால் வெறும் பையோடு பின்பக்கமாக வீட்டுக்குள் வருகிறார்.

மற்ற வீடுகளில் வேட்டை விழுந்தால் நமக்குப் பங்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நான்கு மாதமாக வாங்குகிறேன், திருப்பி ஒரு எலும்புகூட அனுப்ப வழியில்லை. பாத்திரத்தை நீட்டும்போது அவர்கள் சிரித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள், எனக்குத்தான் முகம் கீழே போகிறது. உங்கண்ணன் அந்த இறைச்சியைத் தொடுவதே இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாகிவிட்டது.

மந்திரிக்கிற அப்தியாஸை வரவழைத்தேன். "கொட்டுனவளே வந்து, அவன் சுட்டத ஒரு வாய் திங்கணும். அப்பத்தான் கட்டு அவுறும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் சுட்டது என்று ஏதும் இல்லையே என்றேன். போன வருடம் புகையில் வாட்டித் தொங்கவிட்ட பாக்கா எலித் தொடை ஒன்று அடுப்புக்கு மேல் இன்னும் இருக்கிறது. அது போதுமாம்.

ஒரே ஒரு வாய். இறைச்சியே தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாயாம், திபூர்சியு சொன்னார். நல்லது. மீன் மட்டும் தின்கிறாயாமே, மீன் அழாதா? காலில் போட்டிருக்கும் செருப்பு எந்த மரத்தில் காய்த்தது? உன் சோளக் கொல்லைக்கு நெருப்பு வைத்தபோது எத்தனை ஆமையும் அணிலும் வெந்தன என்று அன்றைக்கு நீ எண்ணினாயா? தாயைத் தின்றுவிட்டுக் குட்டிக்கு அழுதவள் நீ. ஆடு பகை, குட்டி உறவா என்று கேட்பார்களே, அதுதான் உன் கதை.

வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். கிழிக்க வேறு காகிதம் இல்லை, அப்படியே அனுப்புகிறேன். வா ஒசேலியா. உன் சத்தியத்தைவிட உன் அண்ணன் பெரியவர் இல்லையா?

லிந்தால்வா

•

குருசெய்ரு
2 ஏப்ரல் 1994

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதெல்லாம் சரிதான். மீன் தின்கிறேன். செருப்பும் தோல்தான். கொல்லையில் வெந்ததை நான் எண்ணியதில்லை. நான் புத்தகம் படித்து எடுத்த முடிவா இது? தொண்டை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். எதற்கு மூடுகிறது எதற்கு மூடவில்லை என்று அது என்னைக் கேட்டுச் செய்வதில்லை.

இங்கே யூலினா அம்மாவின் விடுதியில் எனக்குச் சமையல் வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் ஒரு பெரிய பானை மாட்டிறைச்சி என் கையால்தான் வேகிறது. உப்புக்கூடப் பார்க்காமல் சமைக்கிறேன். லாரிக்காரர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். "திங்காதவ கைக்கு என்னடி இவ்வளவு ருசி" என்று யூலினா அம்மா கேலி பேசுகிறாள். அவளுக்கு நேகாவைப் பற்றித் தெரியாது. வயிற்றுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பானையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அண்ணன் பெயரைச் சொல்லி வாயில் போட்டேன். மென்றேன். விழுங்க முடியவில்லை அண்ணி. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பினேன். அடுத்த நாளும் முயன்றேன். அதற்கடுத்த நாளும். அங்கே நான்கு வீட்டு ஆட்களும் சுற்றி நின்று பார்க்க, அண்ணன் கண்ணெதிரில் அதைத் துப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் வரமாட்டேன். அண்ணன் பெரியவரா சத்தியம் பெரிதா என்றால் அண்ணன்தான். இருந்தும் முடியவில்லை.

என்னால் ஆனது ஒன்று செய்திருக்கிறேன். திபூர்சியு கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெடிமருந்து, ஈயக்குண்டு, நல்ல தோட்டா. கடையில் நான் நின்று வாங்கியதைப் பார்த்து அவர் ஒரு மாதிரி பார்த்தார். நான் தின்னாவிட்டால் போகிறது, பிள்ளைகள் தின்ன வேண்டாமா? அண்ணனிடம் நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

ஒசேலியா

•

புரிட்டி ஓடை
1 மே 1994

ஒசேலியா,

பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மாவு வறுக்கும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். நீ தோட்டா அனுப்பியிருக்கிறாய்.

இனிமேல் மறைத்து வைக்க என்னால் ஆகாது. நான் பார்த்தேன்.

இருட்டெல்லாம் இல்லை, நல்ல வெளிச்சம். பின்காலைத் தூக்கிப் பிடித்ததும் தழும்பு தெரிந்தது. கத்தி அப்படியே நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் நீ நேகா, நேகா என்று கூப்பிட்டுக்கொண்டு போனாய், அதுவும் காதில் விழுந்தது. அப்போது எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கண்ணனுக்குத் தெரிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பார் என்று யோசித்தேன். பிள்ளைகளுக்கு அன்று வேறு சாப்பாடு இல்லை என்றும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே உரித்து முடித்துவிட்டேன்.

பிறகு பங்கு போட உட்கார்ந்தேன். நமக்கு ஒன்று, மற்ற மூன்று வீட்டுக்கும் மூன்று. உன் பங்கிடம் வந்ததும் கை ஓடவில்லை. அனுப்பாமல் விட்டால்? நம் ஓடையில் பங்கு போகாத வீடு என்றால் பகை வீடு என்று அர்த்தம். ஏன் எனக்கு மட்டும் இல்லை என்று நீ கேட்டு வருவாய், ஊரே கேட்கும், என்ன சொல்வேன்? அதனால் அனுப்பினேன். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆனது. நல்ல துண்டாகப் பார்த்து அனுப்பினேன். குற்ற உணர்ச்சியில் அப்படிச் செய்தேன் போலிருக்கிறது. அந்தத் துண்டைத்தான் நீ உட்கார்ந்து தின்றிருப்பாய்.

தோலையாவது ஓடையில் விடலாம் என்று நினைத்தேன். நான் போய்ப் பார்ப்பதற்குள் உங்கண்ணன் அதைச் சுவரில் அடித்துவிட்டார்.

இறைச்சியை அவமதித்தவள் நீ இல்லை. யார் என்று எனக்குத் தெரிந்தும், உன்னை வந்து ஒரு வாய் தின்று பரிகாரம் செய் என்று கூப்பிட்டேன். இதற்கு மேல் நீ பதில் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

லிந்தால்வா

•

குருசெய்ரு
25 மே 1994

அண்ணி,

படித்தேன். அன்றைக்குப் பானையில் இறைச்சி அடிப்பிடித்துவிட்டது. யூலினா அம்மா கத்தினாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு வாரமாக உங்களை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. ஆனால் திட்டி முடிக்கும்போதெல்லாம் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புத் துணி எங்கேயும் கழன்று விழவில்லை. அன்று காலையில் துவைப்பதற்காக நான்தான் அவிழ்த்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் மேல் கோபப்பட்ட ஏழு மாதமும் அது எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், துணியையும் சேர்த்து. தங்கை கைவிட்டதால்தான் ராசி போனது என்று அவர் இன்னும் எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பார்? பட்டினி கிடக்கிற மனுஷனுக்கு உண்மையாவது போகட்டும்.

ஒசேலியா

•

புரிட்டி ஓடை
19 ஜூன் 1994

ஒசேலியா,

சொல்லிவிட்டேன். சின்னவள் க்ளெய்ஜி தூங்கும்வரை பொறுத்திருந்து, உன் மூன்று கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார், என்னை அம்மா வீட்டுக்குப் போகச் சொல்வார் என்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். அவர் துப்பாக்கிக் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் துடைத்தார். பிறகு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இந்த வீட்டில் இருபது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியும்" என்றார். "கூட்டம் மொத்தமும் என்னப் பாத்து ஓடுச்சு. ஒண்ணு மட்டும் என்னப் பாத்து வந்துச்சு. பாய வருதுன்னு நெனச்சு விரல் அமுக்கிருச்சு. விழுந்ததுக்கப்புறம் கிட்ட போனேன். பாய வரல லிந்தால்வா. வீட்டு ஆளு நிக்கிறான்னு வந்திருக்கு."

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். காட்டில் அழுக விட்டுவிட்டு வர மனசு வரவில்லையாம். பங்கு போடுவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று ஓடையில் போய்க் குளித்தாராம், குளித்தபடியே நின்றுவிட்டாராம். வந்து பார்த்தால் பங்கெல்லாம் போயிருந்தது. தோலை உன் வீட்டைப் பார்த்த சுவரில் வேண்டுமென்றுதான் அடித்திருக்கிறார். "வாயால சொல்ல தைரியம் இல்ல. அவளே பாக்கட்டும்னு அடிச்சேன்" என்றார்.

பனேமாவும் இல்லை, கட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த மான் நின்று இவரைப் பார்த்திருக்கிறது. எது நின்று பார்த்தாலும் இவர் கை நடுங்குகிறது. வேண்டுமென்றே குழலைத் திருப்பிச் சுட்டுவிட்டு, தப்பிவிட்டது என்று எட்டு மாதமாக வந்து சொல்லியிருக்கிறார். ஊரார் உன்னைச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத்தான் அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் மற்ற மூன்று வீட்டுக்கும் தானே போய், "எந்தங்கச்சி மேல பழி இல்ல, தப்பு எம்மேல" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்தியாஸுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் துப்பாக்கியை இன்னும் எடுக்கவில்லை. இனி எடுக்கவே போவதில்லையோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நீயாவது ஏதாவது சொல்.

லிந்தால்வா

•

குருசெய்ரு
10 ஜூலை 1994

அண்ணிக்கு,

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஓடைக்கு அந்தப் பக்கம் நான் ஒருத்தி. மூன்று பேரும் ஒன்றையே மறைத்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் பட்டினி கிடந்திருக்கிறோம். அழுகையோடு சிரிப்பும் வந்தது. யூலினா அம்மா கேட்டாள், இந்தத் தடவை நேகா கதையை முழுசாகச் சொன்னேன். அவளும் அழுதாள். அழுதுவிட்டுப் போய் இறைச்சி தின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

அண்ணனுக்கு நான் சொல்வதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அண்ணா, வேட்டைக்குப் போ. நான் தின்ன மாட்டேன் என்பது நீ சுடக் கூடாது என்பதற்காக இல்லை. எல்லாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய நாட்களும் உண்டு. மரவள்ளி மாவைத் தின்றே நீ மெலிந்துபோனாய் என்று கேட்டபோது அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டுவா. ஓடுவதைச் சுடு, அது உன்னை யார் என்று தெரிந்து ஓடுகிறது. நின்று பார்ப்பதை விட்டுவிடு. கை நடுங்கினால் நடுங்கட்டும், அந்த நடுக்கம் உனக்கு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணி, நான் திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள். எனக்கும் பயம்தான். நம் ஓடையில் இறைச்சிப் பங்கில்தான் ஒரு வீடும் இன்னொரு வீடும் உறவாக இருக்கிறது. வாங்காதவளுக்கு யார் அண்டை வீடு? நான் வாசலில் நின்று எனக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும், அவர்கள் ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கித் திரும்பிப் போக வேண்டும். அப்படி ஒரு வருடம் போனால் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள். அதற்கு இந்த ஊரிலேயே கிடக்கலாமோ என்று இருக்கிறது.

ஒசேலியா

•

புரிட்டி ஓடை
4 ஆகஸ்ட் 1994

ஒசேலியா,

படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது, பாட்டா பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்து, நீ அனுப்பிய தோட்டாவோடு போனார். யார் அனுப்பியது என்று முன்பே தெரியுமாம், பொட்டலத்துக்கு நீ போடுகிற முடிச்சு இந்த ஆற்றிலேயே வேறு யாருக்கும் வராதாம். மத்தியானத்துக்குள் ஒரு மானோடு வந்தார். முன்பக்கமாகவே வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று நின்று பார்த்ததாம், விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று வீட்டுக்கும் என் கையால் பங்கு போனது. நடந்து போகும்போது என் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு உன் பங்கு. உன் வீடு பூட்டிக்கிடக்கிறது, நீ இறைச்சி தின்பதில்லை. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். உங்கண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய வாழைத்தாராக வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். நான் ஒரு கூடை மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தாரை உன் வாசலில் தொங்கவிட்டார். "அவளுக்கு இதான் பங்கு. இனிமே இந்த வீட்டுல வேட்ட விழுந்தா அந்த வீட்டுக்கு வாழையோ சோளமோ போவணும்" என்றார்.

இதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கீழ்வீட்டில் பன்றி விழுந்தபோது அவர்களும் இரண்டு பூசணிக்காயைக் கொண்டுவந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கேட்டால், ஜுராந்தீர் வைக்கும்போது நாங்கள் வைக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்கிறார்கள். இப்போது ஆளில்லாத வீட்டு வாசலில் பாதிச் சந்தை கூடியிருக்கிறது. வாழைத்தார் பழுத்து வௌவால் வர ஆரம்பித்துவிட்டது, உங்கண்ணன் தினமும் போய்க் கல்லெறிந்துவிட்டு வருகிறார்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க மாட்டேன். மன்னிக்காமலேயே வா. பக்கத்தில் இருந்துகொண்டு திட்டு.

லிந்தால்வா

•

குருசெய்ரு
23 ஆகஸ்ட் 1994

அண்ணி,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு முன்னால் வருமா நான் முன்னால் வருவேனா தெரியவில்லை, இரண்டும் ஒரே படகில்தான் வருகிறோம். திபூர்சியு பெட்டியை ஏற்றிவிட்டார்.

அண்ணன் துறைக்கு வந்திருந்தால் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். இறங்கி, அவரைப் பார்த்து நானே நடந்து வருகிறேன்.

ஒசேலியா